சி-பேப் கருவியின் தண்ணீர்த் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு, இரவு முழுவதும் முகக்கவசம் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவிதான் சி-பேப். எங்கள் அப்பா 7 ஆண்டுகளாக அதைப் பயன்படுத்துகிறார். கருவியைப் பராமரிக்கும் வேலை என்னுடையது. எங்கள் வீடு தாம்பரம் பக்கம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வாளியில் ஒரு நாள் நின்றாலே விளிம்பில் வெள்ளை வளையம் விழும். அந்தத் தண்ணீரோடு போராடிக் கற்றதையும், கருவிகளின் கையேடுகளைப் படித்து அறிந்ததையும் சேர்த்து, உறவினர்களும் அப்பாவின் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். காற்றழுத்தம் எவ்வளவு வைப்பது போன்றவற்றை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் பேசப்போவது தொட்டியைப் பற்றி மட்டும்.

கருவி காற்றைத்தானே தருகிறது, தண்ணீர் எதற்கு?

நாம் இழுக்கும் காற்றை மூக்கு சும்மா உள்ளே விடுவதில்லை. அதைச் சூடாக்கி, ஈரமாக்கி, உடல் வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகே நுரையீரலுக்கு அனுப்புகிறது. கருவி வேகமாகக் காற்றைத் தள்ளும்போது மூக்கால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அதிலும் வாய் திறந்து தூங்குபவர்களுக்கு, மூக்கு வழியாக வரும் காற்று வாய் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். மூக்கு காய்ந்து, வீங்கி, அடைத்துக்கொள்ளும். காலையில் தொண்டை வறண்டு, சிலருக்கு மூக்கில் இரத்தம்கூடக் கசியும். சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் 1980இல் இந்தச் சிகிச்சையை முதலில் செய்து பார்த்தபோது இத்தகைய வசதிகள் கிடையாது. இப்போது பெரும்பாலான கருவிகளில் அடியில் உலோகத் தகடு பதித்த ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டி வருகிறது. கருவி அந்தத் தகட்டை இளஞ்சூடாக்கும். காற்று தண்ணீரின் மேற்பரப்பைத் தடவியபடி ஆவியை எடுத்துக்கொண்டு போகும்.

போவது ஆவி மட்டும்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு ஆவியோடு போகாது, தொட்டியிலேயே தங்கிவிடும். பின்வரும் விடைகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து வருபவை.

எந்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும்?

காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர். பெரிய மருந்துக் கடைகளிலும், மருத்துவ உபகரணக் கடைகளிலும், ஆய்வகப் பொருள் விற்பவர்களிடமும் கிடைக்கும். 5 லிட்டர் கேனாக வாங்கினால் கட்டுப்படியாகும். திறந்த கேனை மூடி வெயில் படாமல் வையுங்கள். அதற்குள் டம்ளரை விட்டு மொள்ளாதீர்கள், சாய்த்து ஊற்றுங்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்தியக் குடிநீர்த் தரநிலையில், கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க அளவு. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. உங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவில் 200 மில்லி ஆவியானால் 200 மில்லிகிராம் உப்பு தொட்டியில் மிஞ்சும். 30 நாளில் 6 கிராம். ஒரு தேக்கரண்டி நிறைய உப்பை, உங்கள் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு தகட்டின் மேல் கொட்டிப் பரப்பியதற்குச் சமம்.

வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது. அது போதாதா?

குழாய்த் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஆர்.ஓ. உப்பைக் குறைக்கிறது, முழுவதும் நீக்குவதில்லை. மேலும் வீட்டுக்கு வரும் பல ஆர்.ஓ. கருவிகளில், குடிக்கச் சுவை வேண்டும் என்பதற்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கும் பகுதியும் இருக்கும். கேன் தண்ணீருக்கும் இதே கதைதான். டிஸ்டில்டு தீர்ந்துபோன இரவில் ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆற வைத்து ஊற்றுங்கள், ஒன்றும் ஆகிவிடாது. அதையே வழக்கமாக்கினால் படிவு நீக்கும் வேலை கூடும், தொட்டியின் ஆயுள் குறையும்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைந்த உப்பு எல்லாம் போய்விடாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அதேபோல, சூடு ஆறாத தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமானதுதானே? பேட்டரி தண்ணீர்?

என் சித்தப்பா ஏசித் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்துக்கொண்டு இதைத்தான் கேட்டார். அதில் உப்பு குறைவு என்பது உண்மை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: மாதக்கணக்கில் தூசி படிந்த சுருளின் மேல் வழிந்து, பாசி பிடித்த தட்டில் தேங்கி, குழாய் வழியாக வருகிறது. இன்வெர்ட்டருக்கு ஊற்றுங்கள் என்றுகூட நான் சொல்ல மாட்டேன், மூக்குக்குப் போகும் காற்றுக்கு நிச்சயம் வேண்டாம். மழைத் தண்ணீருக்கும் அதே விடை.

பேட்டரி தண்ணீர் உப்பு நீக்கியது. ஆனால் கிருமி நீக்கியது என்று யாரும் உறுதி தருவதில்லை. அது மனிதர்களுக்கென்று தயாராவது இல்லை. வாங்காதீர்கள்.

தொட்டியில் பாதித் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. அதன் மேலேயே புதிதாக ஊற்றினால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பழைய தண்ணீர் மேல் புதுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். தினமும் காலையில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இரவு 350 மில்லி ஊற்றுகிறீர்கள். காலையில் 150 மில்லி மிஞ்சுகிறது. அந்த 150 மில்லியில் 350 மில்லிக்குரிய உப்பு முழுவதும் இருக்கிறது. கொட்டினால் பெரும்பகுதி அதனோடு போய்விடும். கொட்டாமல் மேலே ஊற்றினால் நாளுக்கு நாள் செறிவு ஏறி, ஒரு கட்டத்தில் தகட்டில் கல்லாகப் படியும். குழம்பைச் சுண்டச் சுண்ட உப்பு ஏறுவதைப் போல.

இது உப்புக் கணக்கு. கிருமிக் கணக்கு இன்னும் முக்கியம். இரவெல்லாம் இளஞ்சூடாக இருந்து, பகலெல்லாம் மூடிய இருட்டுத் தொட்டிக்குள் நிற்கும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டரில் உப்புதான் இல்லை. காற்றிலிருந்து விழும் கிருமி அதிலும் வளரும். "நான் விலை கொடுத்து வாங்கிய தண்ணீர், கொட்ட மனம் வரவில்லை" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். கொட்ட வேண்டாம் ஐயா, செடிக்கு ஊற்றுங்கள் என்றேன். எங்கள் வீட்டுத் துளசிக்கு 7 ஆண்டுகளாக அதுதான் காலைத் தண்ணீர்.

காலையில் செய்ய வேண்டியது என்ன?

இரண்டு நிமிட வேலை. கருவியை நிறுத்திச் சிறிது நேரம் பொறுங்கள். தகடு சூடாக இருக்கும். தொட்டியை வெளியே எடுங்கள். தண்ணீரைக் கொட்டுங்கள். ஒரு முறை அலசுங்கள். மூடியைத் திறந்து, வாய் கீழே பார்க்க, சுத்தமான பருத்தித் துணியின் மேல் கவிழ்த்து வையுங்கள். நேரடி வெயிலில் வேண்டாம். பிளாஸ்டிக் மங்கிப்போகும், நாளடைவில் விரிசலும் விடும். ஜன்னலோரம் காற்றாட இருந்தால் போதும்.

அலசுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும், ஆனால் உங்கள் தண்ணீர் கடுமையான உப்பு என்றால் கடைசியாக ஒரு மடக்கு டிஸ்டில்டு விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். அப்படிச் செய்யாவிட்டால், காய்ந்த பிறகு ஒவ்வொரு துளி இருந்த இடத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும்.

வாரம் ஒரு முறை?

இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. மணம் தூக்கலாக இல்லாத வகை நல்லது. தொட்டியின் உட்புறத்தை விரல்களாலோ மென்மையான துணியாலோ தேயுங்கள். கம்பி நார், பச்சை நார் எதுவும் வேண்டாம். அவை விடும் கீறல்களுக்குள்தான் அழுக்கு குடியேறும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் பள்ளத்தை மறந்துவிடாதீர்கள். தொட்டி பளிச்சென்று இருக்கும், அந்தப் பள்ளத்தில் கறுப்பாக ஒரு கோடு ஒளிந்திருக்கும். வளையம் கழன்று வரும் வகை என்றால் கழற்றிக் கழுவுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கழற்றும் முன் பார்த்து வையுங்கள்.

சோப்பு வாடை போகும்வரை அலசுங்கள். இரவு முழுவதும் அந்த வாடையைத்தான் சுவாசிக்கப் போகிறோம். கருவியிலிருந்து முகக்கவசத்துக்குப் போகும் குழாயையும் அன்றே கழுவி, துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிடலாம்.

அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.

சுரண்ட வேண்டாம். அது பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் உப்பு, புளிப்புக்குக் கரையும். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, படிவு மூழ்கும் அளவு ஊற்றுங்கள். உங்கள் கருவியின் கையேடு வேறு விகிதம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சிறிது நேரத்தில் தகட்டின் மேல் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். காதைக் கிட்டே வைத்தால் மெல்லிய சரசரப்பு கேட்கும். கல் கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது. அரை மணி நேரத்தில் கொட்டிவிட்டு, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு மீதி இருந்தால் புதிதாகக் கலந்து இன்னொரு முறை. இரவு முழுவதும் ஊற விடாதீர்கள். புளிப்பு உலோகத்தையும் அரிக்கும். பிறகு நன்றாக அலசிக் காய வையுங்கள்.

படிவு தடித்தால் தகட்டின் சூடு தண்ணீருக்குச் சரியாக ஏறாது. "முன்பெல்லாம் காலையில் தண்ணீர் தீர்ந்திருக்கும், இப்போது அப்படியே இருக்கிறது, தொண்டை வறள்கிறது" என்று சொல்பவர்கள் முதலில் தகட்டைப் பாருங்கள்.

வினிகருக்குப் பதில் எலுமிச்சை, புளி?

பித்தளைக் குடத்துக்குப் புளி சரி. இங்கே வேண்டாம். புளியின் சக்கையும் எலுமிச்சையின் சதையும் வளையத்தின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு பூஞ்சைக்கு உணவாகும்.

டெட்டால், பிளீச்சிங் பவுடர், சானிடைசர்?

மூன்றும் வேண்டாம். பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்; மிச்சம் மீதி இருந்தால் எரிச்சலூட்டும் ஆவியாக மூச்சுக்குள் போகும். பிளீச்சிங் பவுடரும் வினிகரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது ஆபத்து. வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள். நல்லெண்ணத்தில்தான் குளியலறைத் திரவத்தை எடுப்பார்கள்.

ஜலதோஷத்துக்கு இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விடலாமா?

கூடாது. தைலம், அத்தர், கற்பூரம் எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது என்று கையேடுகளே சொல்கின்றன. எண்ணெய் மணம் பிளாஸ்டிக்கிலும் குழாயிலும் ஏறிக்கொள்ளும். நுரையீரலுக்குள் அதை மணிக்கணக்கில் அழுத்தித் தள்ளுவது ஆவி பிடிப்பது போன்றது அல்ல. ஜலதோஷ நாட்களில் தொட்டியையும் முகக்கவசத்தையும் தினமும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கருவியில் வைத்திருக்கும் ஈரப்பத அளவை ஒரு படி கூட்டிப் பாருங்கள். காய்ச்சலோ, மஞ்சள் சளியோ, மூச்சிரைப்போ இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

தொட்டியில் இளஞ்சிவப்பாக வழுவழுப்பு. தண்ணீரின் நிறமா?

இல்லை. குளியலறை ஓரங்களில் படியும் அதே இளஞ்சிவப்பு வழுவழுப்புதான்; கிருமிகள் கூடிக் கட்டிய படலம். கறுப்புப் புள்ளி என்றால் பூஞ்சை. பழுப்பு என்றால் தண்ணீரில் இரும்பு இருக்கலாம். இளஞ்சிவப்பும் கறுப்பும் ஒரு முறை வந்தால் சோப்பு, பிறகு வினிகர் என்று நன்றாகக் கழுவுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் தொட்டியையே மாற்றிவிடுங்கள். ரப்பருக்குள் ஊறிய பூஞ்சையைக் கழுவி எடுக்க முடியாது.

நள்ளிரவில் குழாய்க்குள் களகளவென்று சத்தம். முகத்தில் தண்ணீர் தெறிக்கிறது.

தொட்டியில் கோளாறு இல்லை. ஏசி அறையில் குழாய் குளிர்ந்து, உள்ளே போகும் ஈரக் காற்று பனி கோத்து நீராகிறது. குளிர்ந்த சொம்பின் மேல் முத்து முத்தாக நீர் கோப்பது போலத்தான். ஏசியை 26க்கு ஏற்றுங்கள்; அல்லது ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள். குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டாலும் குறையும். சூடாக்கும் கம்பி உள்ள குழாய் உங்கள் கருவிக்குக் கிடைத்தால் அதுதான் முழுத் தீர்வு. கருவி கட்டிலைவிடத் தாழ்வான மேசையில் இருக்கட்டும். அப்போதுதான் நீர் முகத்தை நோக்கி வராமல் பின்னோக்கி வடியும்.

தண்ணீரோடு கருவியைத் தூக்கி நகர்த்தலாமா?

இதில் நான் பட்டிருக்கிறேன். கருவி வந்த முதல் மாதம், வெள்ளையடிக்கும் நாளில் நிறைந்த தொட்டியோடு அப்படியே தூக்கி அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன். கொஞ்சம்தான் சாய்ந்தது. அன்றிரவு மோட்டாரில் கரகரப்பு. மறுநாள் கருவி எழவே இல்லை. பழுது பார்த்து வர 9 நாட்கள் ஆயின. அந்த 9 இரவும் அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி அரைத்தூக்கம் தூங்கினார். அவர் மூச்சு நின்று நின்று மறுபடி கிளம்புவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தொட்டியை எடுத்துவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும் என்று அப்போது ஆனது.

ஊற்றும்போதும் தொட்டியை வெளியே எடுத்து ஊற்றுங்கள். அதிகபட்சக் கோட்டைத் தாண்டாதீர்கள். தண்ணீர் உள்ளே போய்விட்டால் மின் இணைப்பைப் பிடுங்கி, தொட்டியை எடுத்துவிட்டு, பழுது பார்ப்பவரிடம் காட்டும்வரை இயக்காதீர்கள்.

கருவியைச் சுத்தம் செய்ய ஓசோன், புற ஊதாக் கதிர் பெட்டிகள் விற்கிறார்களே?

வாங்க அவசியம் இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியில் இவை குறித்து எச்சரிக்கை விடுத்தது: ஓசோன் மிஞ்சினால் மூச்சுக்குழாயை எரிக்கும், புற ஊதாக் கதிர் மறைவான மூலைகளை எட்டாது. அடுத்த ஆண்டு ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம், உள்ளே இருந்த ஒலி தடுக்கும் நுரை உதிரக்கூடும் என்று பல கருவிகளைத் திரும்பப் பெற்றபோது, ஓசோன் அந்தச் சிதைவைக் கூட்டும் என்றும் சொல்லப்பட்டது. சோப்புத் தண்ணீர் செய்யாத எதையும் அந்தப் பெட்டி செய்துவிடப் போவதில்லை என்பது என் எண்ணம்.

படுக்கையறையில் சாம்பிராணி போடுவோம், கொசுவர்த்தியும் உண்டு.

கருவி அறைக் காற்றைத்தான் இழுக்கிறது. அதிலுள்ள வடிகட்டியால் புகையை முழுவதும் தடுக்க முடியாது. சாம்பிராணியை மாலையிலேயே போட்டு, புகை வெளியேறிய பிறகு கருவியை இயக்குங்கள். கொசுவுக்கு வலை கட்டுங்கள். வடிகட்டியை மாதம் ஒரு முறை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்; சாம்பல் பூத்திருந்தால் மாற்றுங்கள். கழுவக்கூடிய வகையும் கழுவக் கூடாத வகையும் உண்டு, கையேட்டைப் பாருங்கள்.

மின்சாரம் போனால்? தண்ணீர் இல்லாமல் ஓட்டலாமா?

காற்று தருவதற்குக் கருவிக்கு அதிக மின்சாரம் தேவையில்லை. சூடாக்கும் தகடுதான் இழுக்கும். பேட்டரியில் ஓட்டும் இரவில் ஈரப்பதத்தை நிறுத்திவிட்டால் அதே பேட்டரி வெகுநேரம் தாங்கும். ஓரிரு இரவு தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் தொண்டை வறளும், அவ்வளவுதான். நல்ல தண்ணீர் கிடைக்காத ஊரில் கண்ட தண்ணீரை ஊற்றுவதைவிட அது மேல். ஆனால் தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது சூட்டை அணைத்து வையுங்கள். பயணத்தின்போது தொட்டி காலியாகவும் காய்ந்தும் பைக்குள் போக வேண்டும்.

தொட்டியை எப்போது மாற்றுவது?

ஆறு மாதம் என்று ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் நன்றாகப் பராமரித்தால் அதற்கு மேலும் வருகிறது. நாளைவிட நிலையைப் பாருங்கள்: விரிசல், மங்கல், தகட்டில் குழி, ரப்பர் வளையத்தில் வெடிப்பு, கழுவியும் போகாத வாடை. இவற்றில் ஒன்று இருந்தாலும் புதிது வாங்குங்கள். ஒருவர் பயன்படுத்திய கருவியை வாங்கினாலோ, உறவினரிடமிருந்து வந்தாலோ, தொட்டி, குழாய், முகக்கவசம், வடிகட்டி நான்கையும் புதிதாக மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். அழுத்தத்தையும் மருத்துவர் புதிதாக வைத்துத் தர வேண்டும்.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். கை நடுங்கும். தினமும் கழுவச் சொன்னால் முடியுமா?

இரண்டாவது தொட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒன்று கருவியில், ஒன்று காய்கிற துணியில். நாள் மாற்றி நாள். ஈரத்தோடு அவசரப்பட வேண்டியதில்லை. தண்ணீரை 5 லிட்டர் கேனில் அல்லாமல், கை தாங்கும் அரை லிட்டர் பாட்டிலில் வாங்கிக் கொடுங்கள். அதிகபட்சக் கோடு கண்ணுக்குத் தெரியாது. தொட்டியின் வெளிப்புறம் அதே உயரத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சோப்புக் கழுவலை வாரம் ஒரு முறை வருகிற யாராவது செய்யட்டும். அம்மா செய்ய வேண்டியது, காலையில் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைப்பது மட்டும். தொலைபேசியில் பேசும்போது "சாப்பிட்டாயா அம்மா" என்பதோடு "தொட்டியைக் கவிழ்த்தாயா" என்றும் கேளுங்கள்.